எல்லைக்கோட்டில் உடைந்த எலும்பு

எங்கள் ஊரில் ஓர் இருக்கை யாருடையது என்று தெரிய வேண்டுமானால், அதன் மேல் துண்டு கிடக்கிறதா என்று பார்த்தால் போதும். மாரிகுப்பத்திலிருந்து விடியற்காலையில் பெங்களூருக்குப் புறப்படும் ரயிலில் அப்படித்தான் இடம் பிடிக்கிறார்கள். வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டை வீச வேண்டும். விழுந்த இடம் வீசியவருக்குச் சொந்தம். பிறகு அவர் டீ குடித்துவிட்டு நிதானமாக ஏறி உட்காரலாம். அரை முழச் சுவருக்காக அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போகும் ஊர்தான் இது. ஆனால் அடுத்தவர் துண்டை எடுத்துக் கீழே போட்டவர் என்று இன்றுவரை ஒருவர்கூட இல்லை.

என் அப்பா தர்மராஜ் பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் வாட்ச்மேன். மைசூர் மைன்ஸ் பகுதியில், தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய லைன் வீட்டிலிருந்து தினமும் போய் வருகிறார். என் அம்மா ராணி ஸ்டேஷன் வரை கூடப் போய் அவருக்காகத் துண்டு வீசுவாள். அப்பாவுக்குக் குறி பார்க்கத் தெரியாது. அம்மா ஓடுகிற வண்டியில் எந்த ஜன்னல், எந்த ஓரம் என்று சொல்லிவிட்டுப் போடுவாள்.

அன்றைக்கும் துண்டு சரியாகத்தான் விழுந்தது. விழக்கூடாத அப்பாவும் விழுந்துவிட்டார். கதவருகே இருந்த நெரிசலில் கால் தடுக்கி, வலது தோள் அடிபட பிளாட்பாரத்தில் சாய்ந்தார். அவர் மேல் இரண்டு பேர் விழுந்தார்கள். ஒருவர் ஒல்லியான குமாஸ்தா. இன்னொருவர் பேக்கரிக்காரர்.

“சீட் கீது ராணி,” என்றார் அப்பா, கீழே கிடந்தபடியே. “போய் உக்காந்துடறேன்.”

எழுந்திருக்க முடியவில்லை. வண்டி அவருடைய இருக்கையைத் துண்டோடு காலியாகவே பெங்களூர் வரை கொண்டுபோனது. நெரிசலில் பலர் ஒற்றைக் காலில் நின்றார்களாம். ஆனாலும் ஒருவரும் உட்காரவில்லை. சாயந்திரம் யாரோ அந்தத் துண்டை நாலாக மடித்து வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அதற்குள் நாங்கள் ராபர்ட்சன்பேட்டையில் புதிதாகத் திறந்திருக்கும் ஹேமகிரி பன்னோக்கு மருத்துவமனைக்குப் போயிருந்தோம். நுழைந்ததும் ஒரு பெரிய சுவர். அதில் ஆறு ஆள் உயரத்துக்கு ஒரு மனிதனை வரைந்திருந்தார்கள். தலை ஊதா. தொண்டை நீலம். தோளும் கைகளும் கால்களும் மஞ்சள். மார்பு சிவப்பு. ஒவ்வொரு நிறமும் ஒரு துறை, ஒரு மாடி. நிறங்களுக்கு நடுவே கறுப்புக் கோடு போட்டிருந்தார்கள்.

வரவேற்பில் இருந்த ரெபேக்கா மேடம், அதே படம் உள்ள ஒரு டேப்லட்டை நீட்டினார். “எங்க வலிக்குதுன்னு வாயால சொல்லாதீங்க அங்கிள். விரலால காட்டுங்க. அது எந்த நெறத்துல படுதோ அந்த மாடிக்கு லிஃப்ட் தானா போவும்.”

அப்பா தொண்டைக்குழிக்குக் கீழே, கொஞ்சம் வலப்பக்கமாக விரலை வைத்தார். விரல் சரியாகக் கறுப்புக் கோட்டின் மேல் இருந்தது. டேப்லட் யோசித்தது. பிறகு அணைந்துபோனது.

“கொஞ்சம் தள்ளி வலிக்குமா பாருங்க,” என்றார் ரெபேக்கா மேடம்.

“அங்க வலிக்கலியே மேடம்.”

“இப்படி அடம் புடிச்சா நான் இன்னா பண்றது?” என்று அவரே எங்களை எலும்புத் துறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

எலும்புத் துறைத் தலைவர் டாக்டர் பிரதாப் அப்பாவின் மார்பைத் தொடாமல், காற்றில் விரலை அசைத்துப் பரிசோதித்தார்.

“நோடிம்மா, பாருங்க,” என்றார் அம்மாவிடம். “காறை எலும்புன்னா தோள்லருந்து நடு மார்பெலும்பு வரைக்கும் குறுக்கால போற கம்பி. வெளி முனை என்னோடது. நடுவும் என்னோடது. முக்காவாசி ஜனங்க நடுவுலதான் ஒடைச்சுக்குவாங்க. அதுதான் முறை. உள் முனைய ஒடைச்சுக்கிறவங்க ரொம்ப அபூர்வம். இவரு எதுக்கு அங்க போயி ஒடைச்சாரு?”

“அவரு ஒடைக்கலீங்க. பேக்கரிக்காரரு மேல வுழுந்தாரு.”

“அவர்கிட்டயாவது சொல்லி இருக்கலாம்.”

அம்மா மன்னிப்புக் கேட்பதுபோலத் தலையை ஆட்டினாள். டாக்டர் தொடர்ந்தார். “அந்த முனைக்கு நேர் பின்னால மூச்சுக்குழாய் இருக்கு, உணவுக்குழாய் இருக்கு, இதயத்துலருந்து வர்ற பெரிய ரத்தக்குழாய்ங்க இருக்கு. ஒடைஞ்ச துண்டு நகராம இருந்தாலோ, முன்னால வந்தாலோ பயம் இல்ல. கைய தூளியில போட்டு, பாரம் தூக்காம இருந்தா தானா கூடிக்கும். பின்னால போனாதான் ஆபத்து.”

“இப்ப எந்தப் பக்கம் போயிருக்குது சார்?”

“சாதா எக்ஸ்ரேல தெரியாதும்மா. விலா எலும்பு, முதுகெலும்பு எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு வுழுந்து மறைச்சிடும். சி.டி. எடுக்கணும்.”

“எடுங்க சார்.”

“எடுத்துடலாம். பாக்கறதுதான் கஷ்டம்.”

“ஏன் சார்?”

“படத்த எந்தத் துறை தொறக்குதோ, நோயாளி அந்தத் துறைக்குச் சொந்தம். ஆஸ்பத்திரி விதி.” அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஒண்ணு மட்டும் கேட்டுக்கோங்க. முழுங்க முடியல, கொரல் கரகரன்னு மாறுது, மூச்சு வாங்குது, கை வீங்கி நெறம் மாறுது. இதுல ஒண்ணு வந்தாலும் ஒரு நிமிஷம் வீட்ல இருக்கக்கூடாது. ஓடி வந்துடணும்.”

“யார்கிட்ட வரணும் சார்?”

“அது இன்னும் முடிவாகல.”

சி.டி. எடுத்தார்கள். பெரிய வளையத்துக்குள் அப்பா போய் வந்தார். படம் நன்றாக வந்திருப்பதாகச் சொன்னார்கள். எப்படித் தெரியும் என்று அம்மா கேட்டதற்கு, “பாக்காமலே சொல்றோம், நல்ல மிஷினு,” என்றார்கள். படம் கம்ப்யூட்டருக்குள் பத்திரமாகப் பூட்டப்பட்டது.

அடுத்து மார்புத் துறை. அதன் தலைவர் டாக்டர் சரத் சாந்தமான மனிதர். அப்பாவை உட்கார வைத்துத் தண்ணீர்கூடக் கொடுத்தார்.

“நான் பொட்டிக்குள்ள கீற நகைக்குக் காவல்,” என்றார். “பொட்டி ஒடைஞ்சா ஆசாரிகிட்டதான் போகணும்.”

“நகைக்கு ஏதாச்சும் ஆயிருக்குதான்னு பாக்கணும் இல்லீங்களா?”

“பாக்கணும். பொட்டியத் தொறந்தாதான் பாக்க முடியும். பொட்டி மேல நான் கை வைக்கக்கூடாது.” அவர் வருத்தத்தோடு கைகளைப் பார்த்துக்கொண்டார். “எலும்பு பின்னால போயிருந்தா, மயக்கம் குடுத்து அத முன்னால இழுக்க வேண்டியது பிரதாப். இழுக்கும்போது ரத்தக்குழாய் கிழிஞ்சா ஒடனே தைக்க வேண்டியது நானு. அதனால அவரு இழுக்கும்போது நான் பக்கத்துல நிக்கணும்.”

“அப்ப நில்லுங்க சார்.”

“அவரு கூப்பிடணும்மா.”

மறுபடி எலும்புத் துறை. “அவரு நிக்கிறேன்னு சொன்னா கூப்பிட மாட்டேனா?” என்றார் டாக்டர் பிரதாப்.

மறுபடி மார்புத் துறை. “கூப்பிட்டா நிக்க மாட்டேன்னு எப்பவாச்சும் சொன்னனா?” என்றார் டாக்டர் சரத்.

இரண்டு துறைக்கும் நடுவே ஒரே மாடிதான். ஆஸ்பத்திரி திறந்த நாளிலிருந்து இருவரும் சந்தித்ததில்லையாம். கீழ்மாடிக்காரர் மேலே போனால் தாழ்ந்துவிட்டதாக அர்த்தம். மேல்மாடிக்காரர் கீழே வந்தால் இறங்கிவிட்டதாக அர்த்தம். நாங்கள்தான் ஏறி இறங்கினோம்.

“எங்க அப்பன் நாப்பது வருசம் மைன்ஸ்ல வேல பாத்தான்,” என்றார் அப்பா லிஃப்டில் சாய்ந்துகொண்டு. “அவன்கூட சுரங்கத்துக்குள்ள எறக்குற கேஜ்ல இத்தினி வாட்டி எறங்கி ஏறல.”

அம்மா சிரிக்கவில்லை. அவள் அப்பாவின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் விவகாரம் நிர்வாக அதிகாரி ரோனி சார் காதுக்கு எட்டியது. அவருக்கு அளவற்ற மகிழ்ச்சி. ஆஸ்பத்திரிக்கு ஒரு சிக்கல் கிடைத்துவிட்டது. சிக்கல் கிடைத்தால் குழு அமைக்கலாம். மறுநாளே ‘காறை எலும்பு உள்முனை எல்லை நிர்ணயக் குழு’ கூடியது. இரண்டு துறைத் தலைவர்களும் அவரவர் மாடியில் இருந்தபடியே தொலைபேசியில் கலந்துகொண்டார்கள். வராந்தாவில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு ரோனி சாரின் பேச்சு முழுவதும் கேட்டது.

“நண்பர்களே, என் தாத்தா தங்கச் சுரங்கத்தில் நில அளவையாளராக இருந்தவர். பக்கத்துப் பக்கத்துச் சுரங்கங்கள் பூமிக்கு அடியில் சண்டை போடாமல் இருந்தது எப்படி? எல்லையில் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் பாறையை வெட்டாமல் தூணாக விட்டுவிடுவார்கள். அதில் தங்கமே மின்னினாலும் யாரும் தொட மாட்டார்கள். அதே பெருந்தன்மையை நாம் மனித உடம்பிலும் காட்ட வேண்டாமா? கோட்டுக்கு இந்தப் பக்கம் இரண்டு விரல், அந்தப் பக்கம் இரண்டு விரல். அந்த இடத்தை இனி யாரும் தொடக்கூடாது, பார்க்கக்கூடாது, குணப்படுத்தக்கூடாது. அதற்கு வெள்ளைப் பகுதி என்று பெயர் வைக்கிறேன். இதனால் நோயாளிக்கு என்ன நன்மை என்று கேட்பீர்கள். அலைச்சல் மிச்சம்!”

கை தட்டினார்கள். தொலைபேசிகளும் தட்டின.

உடனே பெயின்டர் வந்து சுவரில் நின்ற மனிதனின் தொண்டைக்குழிக்குக் கீழே ஒரு வெள்ளைக் கட்டம் அடித்தார். தூரத்திலிருந்து பார்த்தால் அவன் சட்டையில் சீட்டு ஒட்டிக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. வெள்ளைப் பகுதியைத் திறந்துவைக்கப் பெங்களூரிலிருந்து சேர்மன் வருவார் என்றும், அதன் முதல் பயனாளியாக அப்பாவை மேடையில் கௌரவிப்பார்கள் என்றும் சொன்னார்கள். அதுவரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். அம்மா தன் பழைய சேலையைக் கிழித்து அப்பாவின் கைக்குத் தூளி கட்டினாள். சாய்த்து வைத்த தலையணையில் அவர் உட்கார்ந்தே தூங்கினார்.

விழா அன்று காலையில் அப்பாவுக்கு இட்லி இறங்கவில்லை. ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டு, கண்ணில் நீர் வர முழுங்கப் பார்த்து, எடுத்துவிட்டார். “ஒண்ணும் இல்ல,” என்றார். அதைச் சொன்ன குரல் அப்பாவுடையதாக இல்லை. தகரத்தைத் தரையில் இழுத்ததுபோல இருந்தது. அம்மா வலது கையைத் தொட்டுப் பார்த்தாள். விரல்கள் வீங்கி, நகக்கண்கள் லேசாகக் கறுத்திருந்தன.

அவள் தாமதிக்காமல் ஓடி வரச் சொன்னார்களே என்று ஆட்டோ பிடித்தாள். எதற்கென்று தெரியவில்லை, ரயில் துண்டையும் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வாசலில் பந்தல். “வந்துட்டீங்களா முதல் பயனாளி!” என்று ரெபேக்கா மேடம் ஓடி வந்தார்.

“முழுங்க முடியல மேடம். கொரல் மாறிடுச்சு. கையப் பாருங்க,” என்றாள் அம்மா.

“அதெல்லாம் வெள்ளைப் பகுதிம்மா. நாங்க யாரும் பாக்கக் கூடாது. விழா முடியட்டும். சேர்மன் சார் வேற வந்துட்டாரு.”

சேர்மன் ரிப்பன் வெட்டினார். ரோனி சார் அப்பாவை அணைத்து நிற்கவைத்து, சாமந்தி மாலை ஒன்றைக் கழுத்தில் போட்டார். ஒரு குழந்தையின் எடை இருக்கும். அது நேராக வெள்ளைப் பகுதியில் போய் உட்கார்ந்தது. அப்பா ஒரு சத்தம் போட்டார். உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைத்து எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு சேர்மன் தன் கையாலேயே மைசூர்பாக்கை அப்பாவின் வாயில் ஊட்டினார். அப்பாவால் முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. இருமி இருமி முகம் நீலம் பாரித்தது. நான் முதுகைத் தடவினேன். ஒருவழியாக மைசூர்பாக் வெளியே வந்தது.

“ரொம்ப உணர்ச்சிவசப்படறாரு,” என்றார் சேர்மன். “வாங்க, கூட்டத்தை ஆரம்பிக்கலாம்.”

கூட்டம் கீழ்த்தளத்து ஹாலில். சேர்மனுக்காக மேடை நடுவே சிவப்பு வெல்வெட் நாற்காலி ஒன்று போட்டிருந்தார்கள். எல்லோரும் வாசல் பக்கமாக வரிசையாக நுழைந்துகொண்டிருந்தார்கள். அம்மா வராந்தா ஜன்னலருகே நின்றாள். கண்ணைச் சுருக்கினாள். அவளை அப்படி நான் ஸ்டேஷனில் பார்த்திருக்கிறேன்.

துண்டு கம்பிகளுக்கு நடுவே பறந்து, மேடை விளக்கைத் தாண்டி, வெல்வெட் நாற்காலியின் நடுவில் போய் விழுந்தது.

சேர்மன் உட்காரப் போனார்.

“சார்!” என்று காவலாளி ஆஸ்டின் கத்தினார். “துண்டு கீது சார்!”

சேர்மன் அந்தரத்தில் நின்றார். “அதனால என்ன? எடுங்க அதை.”

ஆஸ்டின் அசையவில்லை. ரோனி சார் நாற்காலி வரை போனார். கையை நீட்டினார். கை பாதியில் நின்றுவிட்டது. அவரும் பத்து வருஷம் அந்த ரயிலில் போனவர்தான். “யாரோ போட்டுட்டாங்க சார்,” என்றார் பரிதாபமாக. “அவங்க வந்து எடுத்தாதான் ஆச்சு.”

முதன்முறையாக ஒரே தரையில் நின்றுகொண்டிருந்த டாக்டர் பிரதாப்பும் டாக்டர் சரத்தும், வேறு பக்கம் பார்ப்பதுபோல நடித்தபடி தலையை ஆட்டி ஆமோதித்தார்கள். தலைவர் உட்காராமல் மற்றவர்கள் உட்காரக் கூடாது என்பதால் ஹால் முழுவதும் நின்றது.

அம்மா அப்பாவைக் கைத்தாங்கலாக மேடைக்குக் கூட்டிவந்தாள். துண்டின் மேல் உட்கார வைத்தாள். மாலையைக் கழற்றி மைக்கின் கழுத்தில் மாட்டினாள்.

“அம்மா, இது சேர்மன் சீட்டு,” என்றார் ரோனி சார்.

“துண்டு என்னுது.”

“அது தெரியுதும்மா. எப்ப எறங்குவாரு?”

“படத்த போடுங்க. அப்பால எறங்குவாரு.”

“படத்தைத் தொறக்கணும்னா ஒரு துறை வேணுமே!”

“டாக்டருங்க யாரும் தொறக்க வேணாம். அந்தப் பெரிய தெரையில போடுங்க. இவங்க சும்மா நின்னு பாக்கட்டும். சினிமா பாக்கற மாதிரி.”

ரோனி சார் மேலே பார்த்து யோசித்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. “புரொஜெக்டர் ஒரு துறை அல்ல,” என்று தீர்ப்புச் சொன்னார். “புரொஜெக்டர் ஒரு மேசை.”

விளக்கை அணைத்தார்கள். அப்பாவின் நெஞ்சு சுவர் அளவுக்குத் திரையில் விழுந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. சாம்பல் நிற வட்டங்கள். நடுவே வெள்ளையாக ஓர் எலும்பு. அதன் உடைந்த முனை உள்பக்கமாகச் சரிந்து, கறுப்பு ஓட்டை ஒன்றை இடித்துக்கொண்டு நின்றது. அந்தக் கறுப்புதான் மூச்சுக்குழாய் என்று பிறகு தெரிந்தது.

“பின்னால போயிருக்கு,” என்றார் டாக்டர் பிரதாப்.

“பின்னால போயிருக்கு,” என்றார் டாக்டர் சரத்.

இரண்டு குரலும் ஒன்றாகக் கேட்டதும் இருவரும் திடுக்கிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருட்டில் யார் யாரைக் கூப்பிட்டார்கள், யார் நிற்கிறேன் என்றார்கள் என்று சொல்ல முடியாது. விளக்கு வந்தபோது இருவரும் அப்பாவை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். ஓடும் வேகத்தில் பார்த்தால் இரண்டு பேருமே நல்ல டாக்டர்கள் போலத்தான் தெரிந்தது.

அம்மாவும் நானும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்தோம். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடி வலித்தது.

உள்ளே நடந்ததைப் பிறகு இரண்டு டாக்டர்களும் தனித்தனியாகச் சொன்னார்கள். அப்பாவை மல்லாக்கப் படுக்க வைத்து, முதுகின் நடுவே ஒரு துணிமூட்டையை வைத்து, கையை வெளிப்பக்கமாக இழுத்துப் பின்னால் சாய்த்திருக்கிறார் டாக்டர் பிரதாப். டாக்டர் சரத் கையுறை மாட்டிக்கொண்டு, கத்தியும் நூலும் தயாராக, பக்கத்தில் நின்றிருக்கிறார். எலும்பு ஒரு சொடக்குப் போட்டு முன்னால் வந்து பொருந்திவிட்டது. ரத்தக்குழாய் கிழியவில்லை. நூலுக்கு வேலை வரவில்லை.

மயக்கம் தெளிந்து நேரமான பிறகு அப்பாவுக்கு டீ கொடுக்கலாம் என்றார்கள். அம்மா ஆற்றி, ஒரு வாய் கொடுத்தாள். அப்பா முழுங்கினார். இன்னொரு வாய். தொண்டை ஏறி இறங்குவதை அம்மா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“சக்கர கம்மி,” என்றார் அப்பா. அவருடைய சொந்தக் குரல்.

அம்மா அப்போதுதான் அழுதாள்.

அதற்குள் அறைக்கு வெளியே சண்டை தொடங்கியிருந்தது. “இழுத்தது நான். அதனால இது மஞ்சள் வெற்றி,” என்றார் டாக்டர் பிரதாப். “நான் நிக்கலைன்னா இழுத்திருப்பியா? நிக்கறது எவ்ளோ கஷ்டம் தெரியுமா? இது சிவப்பு வெற்றி,” என்றார் டாக்டர் சரத். நீலத் துறையிலிருந்து தொண்டை டாக்டர் வேகமாக இறங்கி வந்தார். தன் எல்லைக்குள் ஒரு மனிதனைத் தன் அனுமதியில்லாமல் முழுங்க வைத்தது யார் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். வெள்ளைப் பகுதியில் ஒருவர் குணமானது விதிமீறல் என்பதால் விசாரணைக்குக் குழு அமைப்பதாக ரோனி சார் அறிவித்தார். குழு உடனே ஹாலில் கூட வேண்டும் என்றார்.

ஹாலில் கூட முடியவில்லை. துண்டு இன்னும் நாற்காலியில்தான் கிடந்தது. சேர்மன் அதன் பக்கத்திலேயே, ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றுகொண்டிருந்தார்.

அப்பாவைச் சில வாரங்கள் தூளியிலேயே கையை வைத்திருக்கச் சொன்னார்கள். விரலையும் முழங்கையையும் மட்டும் மடக்கி நீட்டலாம், பாரம் தூக்கக் கூடாது, அந்தத் தோளில் சாய்ந்து படுக்கக் கூடாது. வார்டில் சாமான்களைக் கட்டும்போதுதான் அம்மாவுக்குத் துண்டு ஞாபகம் வந்தது. நானும் கூடப் போனேன்.

அவள் ஹாலுக்குள் நடந்ததும் பேச்சு நின்றது. எல்லோரும் அவள் கையையே பார்த்தார்கள். சேர்மன் ஓர் அடி முன்னால் வைத்தார். டாக்டர் பிரதாப்பும் டாக்டர் சரத்தும் மேடைப் படிக்கு வந்துவிட்டார்கள். ரோனி சார் கோட்டின் பொத்தானைக் கழற்றினார்.

அம்மா துண்டை எடுத்தாள்.

அடுத்த கணம் மாரிகுப்பம் ஸ்டேஷன் மாதிரி ஆகிவிட்டது. முதலில் நாற்காலியை எட்டியவர் ரோனி சார்தான், ஆனால் வெல்வெட் வழுக்கிவிட்டது. தோள் அடிபடத் தரையில் விழுந்தார். அவர் மேல் எலும்புத் துறை விழுந்தது. அதன் மேல் மார்புத் துறை விழுந்தது. கடைசியாகச் சேர்மன்.

ஒவ்வொருவராக எழுந்தார்கள். ரோனி சார் மட்டும் எழவில்லை. “அம்மா” என்று முனகினார்.

ரெபேக்கா மேடம் ஓடி வந்து டேப்லட்டை அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். “வாயால சொல்லாதீங்க சார். விரலால காட்டுங்க.”

ரோனி சார் இடது கையால் தன் தொண்டைக்குழிக்குக் கீழே தொட்டுப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டார். பிறகு விரலை டேப்லட்டின் வெள்ளைக் கட்டத்துக்கு மேலே கொண்டுபோனார். அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார்.

விரலை மெதுவாக மஞ்சள் பக்கமாக நகர்த்தி வைத்தார்.